கையை நீட்டுங்க

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்று சொல்வதுதான் சரி. நான் மருந்துக்குப் படித்தவனில்லை. படித்தவர் முதலாளி; அவர் உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். மேசைக்குப் பின்னால் நின்று வருகிறவர்களிடம் பேசுவது நான். அதனால் பாதிப் பேருக்கு நான்தான் டாக்டர். 'டாக்டர் தம்பி' என்று கூப்பிடுகிற வயதான அம்மாக்கள் உண்டு. நான் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்தால் இரண்டு கேள்வியாவது கேட்பேன். அரிப்பு என்று வந்தால் அதுவும் கிடையாது. இரண்டாவது தட்டின் இடது ஓரத்தில் ஒரு டியூப் இருக்கும். மூன்று மருந்து கலந்த களிம்பு. படர்தாமரையா, வேர்க்குருவா, பூச்சிக்கடியா, எதுவானாலும் கை தானாக அங்கே போகும். தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அடங்கியது திரும்பி வரும்போது இன்னொரு டியூப் வாங்க அதே ஆள் வருவார். என்னிடமே திரும்பி வருகிறார்களே, நம் கைராசி அப்படி என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

கல்வராயன் மலையிலிருந்து காலைப் பேருந்தில் இறங்கி வருகிறவர்கள் கூச்சத்தோடு சட்டைக் கையை ஏற்றிக் காட்டுவார்கள். அந்தக் கைகளில் ஒன்றையாவது நான் முழுதாகப் பார்த்ததாக நினைவில்லை. டியூபை மேசைமேல் தள்ளிவிட்டு, 'ரெண்டு வேள தடவு' என்பேன். ஊர்க்காரர்களுக்குத் 'தடவுங்க', மலைக்காரர்களுக்குத் 'தடவு'. என் அப்பா வயதுள்ள ஆளாக இருந்தாலும் அப்படித்தான். அப்படிப் பேசச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, ஏன் அப்படிப் பேசுகிறாய் என்று யாரும் கேட்டதுமில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. காலை எட்டரைக்குப் பள்ளி வேன் வந்துவிடும் என்பதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கணவன் சவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலைக்கு வந்தவன். எங்கள் தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். அவளுக்கும் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். மத்தியானம் நான் சாப்பிட வரும்போது இரண்டு குழந்தைகளும் அவள் மடியில் ஆளுக்கொரு தொடையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். கால் மரத்துப்போனாலும் அசையமாட்டாள். அவள் என்னை அண்ணா என்றதால் என் மகளுக்கு அத்தை. மகள் முதலில் பேசிய சொல்லே அதுதான். 'த்தே' என்று வரும். மனைவிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல், எனக்குச் சிரிப்பு.

கார்த்திகை மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்த மனைவி என்னைக் கூப்பிட்டாள். வயிற்றிலும் அக்குளிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள். உள்ளங்காலில் நாலைந்து நீர்க்கொப்புளம். குழந்தை இரண்டு காலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு சிணுங்கியது.

ஆளாளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. மனைவி புதிதாக வாங்கிய சோப்பைக் குப்பையில் போட்டாள். அடுத்து பவுடர், அதற்கடுத்து பிஸ்கட். வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து இறங்கிவந்து பார்த்துவிட்டு, இது அக்கி, வடக்கனந்தலில் அக்கி எழுதுகிற குயவர் இருக்கிறார், உடம்பின்மேல் செங்காவியில் சிங்கம் எழுதினால் மூன்றாம் நாள் வாடிவிடும் என்றார். நான் அந்த அம்மாவை நன்றாகக் கிண்டலடித்தேன். கொசுக்கடி மாதிரிதானே இருக்கிறது, இதற்கு எதற்குச் சிங்கம், ஒரு தவளை எழுதினால் போதாதா என்றேன். மனைவிகூடச் சிரித்துவிட்டாள். இப்போது யோசித்துப் பார்க்கிறேன்: சிங்கம் எழுதியிருந்தால் என் குழந்தைக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது.

அன்று மாலையே கடைக்குப் போய் டியூபை எடுத்து வந்தேன்.

"ஒரு வாட்டி டாக்டராண்ட காட்டிடலாமே" என்றாள் மனைவி.

"அப்ப நான் இன்னா, கடைல பொட்டலம் மடிச்சிக்கினு இருக்கேனா?"

என் கோபம் வீட்டில் பழகிப்போன ஒன்று. சட்டென்று வரும், வந்தால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது.

இரண்டு நாளில் சிவப்பு அடங்கியது. மாடிப்படி ஏறிப் போய் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன், அவ்வளவு மிதப்பு. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. இந்த முறை முதுகு, தொடை, கழுத்து. முன்பு தனித்தனிப் பொரியாக இருந்தது இப்போது திட்டுத் திட்டாகப் படர்ந்து, ஓரம் ஒரு நிறமும் நடு ஒரு நிறமுமாக இருந்தது. பதினோரு வருடத்தில் நான் கேள்விப்பட்ட எந்தத் தோல் வியாதியின் சாயலும் அதில் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபடி தடவினேன், கொஞ்சம் தாராளமாக.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அரித்துக்கொண்டிருந்தது. புரட்டாசியில் திருநாவலூரில் என் பெரியப்பா இறந்துபோனார். காரியம் முடியும்வரை சில நாள் அங்கேயே தங்கினேன். பங்காளிகள் எல்லாரும் கூடத்தில் வரிசையாகப் படுத்து, கையில் கிடைத்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். என்னோடு ஒரே போர்வையில் படுத்த பங்காளி ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தான். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து என் விரல் இடுக்குகளில் அரிப்பு தொடங்கியது. கடையில் நாளெல்லாம் கை கழுவும் மருந்தைத் தேய்ப்பதால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்குப் பின்னால் போய் அதே டியூபைப் பிதுக்கி இடுக்குகளில் தடவிக்கொள்வேன். மருந்துக் கடைக்காரனுக்கே சொறி என்று தெரிந்தால் என்ன மரியாதை இருக்கும்? என் விரல்களையும் குழந்தையின் உள்ளங்காலையும் தினமும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை என்று முன்பெல்லாம் சொல்லிக்கொள்வேன். அது பொய். தோன்றும்போதெல்லாம் தள்ளிவிட்டேன்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவன், அந்தப் பெண்ணின் மகள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பொருக்கு. விரல்களுக்கு நடுவில் சிவந்து கீறியிருந்தது. அப்போது எனக்கு வந்தது கோபமில்லை, நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது, அது என் வீட்டுக்கு வெளியில் இருக்கிறது என்ற நிம்மதி. மற்ற எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

"இது எத்தினி நாளா இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒரு பத்து நாளு இருக்கும்ண்ணா. நம்ம பாப்பாவுக்கு வந்தப்புறம்தான் இதுக்கு வந்துச்சு."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எது முன்னே எது பின்னே என்று சொன்னாள், அவ்வளவுதான். நம்ம பாப்பா என்றது என் மகளை.

"அது உனக்குத் தெரியாது" என்றேன். கடையில் பேசுகிற குரல் எனக்கு வந்துவிட்டது. "ஒடம்புக்கு உள்ளயே இருக்கும், மெதுவாத்தான் வெளிய தெரியும். உங்க மலைல இதெல்லாம் ஜாஸ்தி. உங்களாண்டருந்துதான் பாப்பாவுக்கு ஒட்டிக்கினு இருக்குது."

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமான கைகள். ஒரு பொரி இல்லை.

"எனக்கும் உள்ள இருக்குமாண்ணா?"

"இருக்கும்" என்றேன்.

சரியாகும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் இடுப்பிலிருந்து என் மகளை வாங்கியபோது குழந்தை அவள் சேலையை விடவில்லை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சட்டைப் பையில் எனக்காக வைத்திருந்த புது டியூபை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ரெண்டு வேள தடவு என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பெரிய மனசோடு நடந்துகொண்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

அதோடு விட்டேனா? மாடிக்குப் போய் வீட்டுக்கார அம்மாவிடம், அக்கியுமில்லை ஒன்றுமில்லை, வேலைக்காரப் பெண்ணிடமிருந்து ஒட்டியது என்று விளக்கினேன். அந்த அம்மா வாசற்படியைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்களாம். அவள் தண்ணீர் பிடிக்காமல் திரும்பிப் போனாளாம். இரண்டு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். கணவன் மட்டும் ஆலையில் தங்கினான்.

மனைவி பள்ளிக்கு விடுப்புப் போட்டாள். என்னிடம் சண்டை போடவில்லை. அந்தப் பெண்ணை அனுப்புவதற்கு முன் தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். நான் அதற்கும் கத்தினேன்.

அந்தப் பெண் போய்விட்டாள், நோய் போகவில்லை. பொங்கல் நெருங்கும்போது குழந்தையின் உள்ளங்காலில் சீழ் பிடித்தது. நடக்கப் பழகியிருந்த குழந்தை நடப்பதை நிறுத்திவிட்டது. இறக்கிவிட்டால் காலை மடக்கிக்கொண்டு தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். ஒருநாள் காலை காய்ச்சல் அடித்தது. மனைவி என்னைக் கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் வண்டியில் பின்னாலேயே போனேன்.

தோல் பிரிவில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. குழந்தையை மேசையில் படுக்கவைத்து உள்ளங்காலைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார். என்ன தடவினீர்கள் என்று கேட்டார். மனைவி பையிலிருந்து டியூபை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது யார் குடுத்தது?"

"மெடிக்கல்ல குடுத்தாங்க டாக்டர்" என்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்ததைக் கழற்றி மறுபடியும் போட்டாள்.

இது அரிப்பை மட்டும் அடக்கும், உள்ளே இருக்கிறது பாட்டுக்குப் பெருகிக்கொண்டே போகும், இதைப் போட்டுப் போட்டு நோயின் அடையாளமே மாறிப்போய்விட்டது என்றார் டாக்டர். கொடுத்தவனை எதிரில் வைத்துக்கொண்டு கொடுத்தவனைத் திட்டினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு கொழந்தய பாத்துக்கினு இருந்துச்சு டாக்டர். மலைக்காரப் பொண்ணு. அதுங்களாண்டருந்துதான்..."

"நான் உங்க வீட்டக் கேட்டேன். கையை நீட்டுங்க."

அதுவரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. நீட்டினேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியை வைத்து இடுக்குகளைப் பார்த்தார். அவசரமே படவில்லை. பதினோரு வருடத்தில் நான் ஒரு கையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது.

எத்தனை நாளாக இருக்கிறது என்றார். இரண்டு வாரம் என்றேன்.

"ஐப்பசிலருந்து சொறிஞ்சிக்கினு இருக்காரு டாக்டர்" என்றாள் மனைவி.

இது சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் முட்டையிடுகிறது, ஒட்டிய பிறகு அரிப்பு வெளியே தெரிய ஒரு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண்ணின் மகளுக்கும் மார்கழியில் வந்ததை மனைவி சொன்னதும் மாதங்களை விரல்விட்டு எண்ணினார். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. முதலில் நான், என்னிடமிருந்து குழந்தை, குழந்தையிடமிருந்து அதோடு படுத்துத் தூங்கிய இன்னொரு குழந்தை. அந்தப் பெண் அன்றைக்கு எது முன்னே எது பின்னே என்று சொன்னாளே, அதே வரிசை. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள்.

லோஷன் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அரிப்பு இருக்கிறவர், இல்லாதவர் எல்லாரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம்வரை பூச வேண்டும், குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டும், காலையில் குளித்துவிட வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். குழந்தையைத் தூக்கி வளர்த்த அந்தப் பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் கொடுக்க வேண்டும், அவர்களையும் விடக்கூடாது என்றார். சீழுக்குத் தனியாக மருந்து. இரண்டு வாரத்தில் என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.

"நீங்களே போயி சொல்லணும்" என்றாள் மனைவி. "போன்ல வேணாம். அவ மூஞ்சப் பாத்து சொல்லணும்."

கடை விடுமுறையன்று லோஷன் பாட்டில்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மலைப்பேருந்தில் ஏறினேன். வளைவுக்கு வளைவு சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். 'உன்மேல தப்பில்லமா, என்னாலதான்' என்று தொடங்குவதாகத் திட்டம். பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். நீ குடுத்ததத்தான் தடவுறேன் தம்பி, போயிப் போயி வருது என்றார். நான் முதல்முறையாக அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். பெரியாஸ்பத்திரியில் காட்டுங்க என்றேன். அவர் ஏமாந்துபோன மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்து, அப்புறம் கொஞ்சம் நடந்து போனேன். அவள் வீட்டுக்கு முன்னால் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மற்றவர்களோடு இல்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து தனியாகப் புடைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குத் தலை மொட்டையடித்திருந்தது. அந்தக் குழந்தையின் கன்னமும் கையும் தோல் மெலிந்து, தொட்டால் கிழிந்துவிடும்போல் சிவந்திருந்தன. அது என் டியூபின் வேலை என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது.

என்னைக் கண்டதும் எழுந்து நாலடி பின்னால் போய் நின்றாள். இப்போது அவள் கையிலும் பொரிகள் இருந்தன.

"கிட்ட வராதீங்கண்ணா. பாப்பா நடக்குதா?"

நடக்கிறது என்றேன். நல்லாயிடுச்சா என்றாள். ஆகிவிட்டது என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டு வாசலில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறதாம்.

"இன்னும் நான் தூக்கலண்ணா. நீங்க உள்ளயே இருக்கும்னு சொன்னீங்களா, அதான் தொடல. தட்டு, பாய் எல்லாம் தனியா வச்சிக்கினேன். என்னால இன்னொரு கொழந்த கஷ்டப்படக்கூடாது இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் நுனிநாக்கில்தான் இருந்தது.

"பாப்பா என்னால எவ்ளோ பாடுபட்டுதோ" என்றாள்.

"பரவாயில்ல" என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அதுதான். பரவாயில்ல. நான் செய்ததற்கு அவளை மன்னித்துவிட்டேன். அதன்பிறகு மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாட்டிலை எடுத்து, கடையில் சொல்வது மாதிரியே, எங்கே பூசுவது, எத்தனை முறை, யார் யாருக்கு என்று தெளிவாகச் சொன்னேன். பூசிக் குளித்துவிட்டால் தங்கை குழந்தையைத் தூக்கலாமா என்று மட்டும் கேட்டாள். இரண்டாவது முறையும் முடிந்தபிறகு தூக்கு என்றேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது உள்ளே போய், அடியிலிருந்து ஒட்டச் சுருட்டிய பழைய டியூபை எடுத்து வந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா, இது போட்டால் பிள்ளை இரண்டு நாள் அழாமல் தூங்குகிறது என்றாள். இனி இதைப் போடவேண்டாம் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் தன் கையால் தொடாமல், தங்கையை விட்டு, பாப்பாவுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லி ஒரு பை சாமை அரிசி கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

மனைவி மறுநாளே சாமைக் கஞ்சி வைத்தாள். குழந்தை ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தது. ருசி பாருங்க என்று எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள். குடித்தேன்.

மாசிக் கடைசியில், எல்லாருக்கும் சரியாகிவிட்டது என்று தெரிந்தபிறகு, மனைவி அந்தப் பெண்ணின் கணவனிடம் சொல்லியனுப்பினாள். ஒரு திங்கட்கிழமை காலை அவள் மகளோடு வந்து வாசலில் நின்றாள். மொட்டைத்தலையில் முடி முளைத்திருந்தது. இரண்டு பேர் கையும் சுத்தமாக இருந்தது. என் மகள் அவளைப் பார்த்ததும் 'த்தே' என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஓடிப்போய்க் காலடியில் நின்று கையைத் தூக்கினாள்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம் பாப்பா. அத்த கை கெட்ட கை."

மனைவி அவளைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மலையில் என்ன செய்துவிட்டு வந்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

"உன்னால இல்லமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. எங்கிட்டருந்துதான் பாப்பாவுக்கு. பாப்பாகிட்டருந்துதான் உங்களுக்கு. நான் தெரிஞ்சேதான் மறச்சிட்டேன்."

சொல்லிவிட்டு என் கைகளை அவள் முன்னால் நீட்டினேன். அவற்றில் காட்ட ஒரு தழும்புகூட இல்லை. அவள் என் கையைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா சொல்லச் சொன்னாங்களாண்ணா?" என்று சிரித்தாள். "பரவால்லண்ணா. எம் மனசு நோவக்கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"

மனைவி உட்காரவைத்து, டாக்டர் எண்ணிய மாதிரியே மாதங்களை எண்ணிக் காட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றாள். நான் கடைக்குரலில் ஒருமுறை சொன்னது அவள் எலும்புவரைக்கும் போயிருந்தது. இந்தத் தணிந்த குரலில் சொன்ன உண்மை அவளுக்கு என் நல்ல மனசாகத் தெரிந்தது. வீட்டுக்கார அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை. கீழே வைக்கச் சொல்கிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கடையில் டியூப் இன்னும் அதே தட்டில் இருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் நான் எடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு முதலாளி எழுந்துவந்து எடுத்துக் கொடுக்கிறார்.

அவள் மறுபடி எங்கள் வீட்டில்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் காலையில் வந்ததும் குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். பிறகு என் எதிரே வந்து, விரல்களை அகல விரித்து இரண்டு கைகளையும் நீட்டுவாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒருமுறை என் வழக்கப்படி கத்தியும் பார்த்துவிட்டேன். நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதிண்ணா என்கிறாள். பார்க்காமல் நான் கடைக்குக் கிளம்பிப் போன நாளில் மத்தியானம்வரை குழந்தையை அவள் தூக்கவே இல்லை.

இன்று காலையும் நீட்டினாள். என் மகள் அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பத்து விரல்களையும் பார்த்து, சரி என்றேன். அதற்கப்புறம்தான் தூக்கிக்கொண்டாள்.